பதினான்காம் கூட்டின் சூடு

2071 மார்ச் 3. காலை 6.10. கூடு 14, நாள் 18. மணல் 29.1°

கோரைத்தீவு ஆராய்ச்சி நிலையம். பதிவு: இசக்கிச்செல்வி. முட்டையிடும் பருவம் என்பதால் தீவில் ஒருவருக்குத்தான் அனுமதி. காற்று தென்கிழக்கு, லேசானது. நன்னீர்த் தொட்டி முக்கால். பச்சை நிழல்வலை கிழியவில்லை. சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது.

பிறகு இதைப் படிப்பவருக்கு: கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. முப்பது டிகிரிக்குக் கீழே என்றால் ஆண், மேலே என்றால் பெண். பதினாறு ஆண்டுகளாக இந்தக் கரையில் ஒரு ஆண்கூடப் பொரிக்கவில்லை. ஆண்கள் அருகிவிட்டதால், இந்த ஆண்டு வந்த முப்பத்தெட்டுக் கூடுகளில் கருவுற்றது இது ஒன்றுதான். நூற்றிரண்டு முட்டைகள். முப்பத்தைந்தாம் நாள் வரை வலையும் தண்ணீரும் இருந்தால் போதும்.

மார்ச் 5. காலை 9.20. மணல் 29.2°

ட்ரோன்கள் பதினொரு பெட்டிகளை இறக்கின. உள்ளே ஒரு கண்ணாடி ஆமை, துண்டு துண்டாக. நாற்பதடி. சென்னைச் சிற்பி ருத்விக் செய்தது. பருவநிலை மாற்றத்தால் ஆமைகள் படும் பாட்டை உலகுக்கு உணர்த்துமாம். கூட்டுக்குப் பக்கத்தில் அதைப் பொருத்த வேண்டியவள் நான். மற்றவர்கள் கப்பலில் இருந்து பார்ப்பார்கள்.

கையேடு அறுபத்துநான்கு பக்கம். ஆணி பற்றி மூன்று பக்கம், ருத்விக்கின் வேதனை பற்றி அறுபத்தொரு பக்கம். நாலாயிரம் கண்ணாடிகளில் பார்ப்பவர் தன் முகத்தைக் கண்டு குற்றவுணர்வு கொள்ள வேண்டுமாம். கப்பல் முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும். அங்கிருந்து யார் முகமும் தெரியாது.

மார்ச் 8. காலை 10.04. மணல் 29.3°

திறப்பு விழா நாள். வயர்லெஸில் எங்கள் நிலைய இயக்குநர் கிருபாகரன் சார்.

"இசக்கி, கேக்குதாம்மா? அந்தப் பச்சை வலை படத்துல கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் மாதிரி இருக்குன்னு ருத்விக் வருத்தப்படுறாரு. ரெண்டு மணி நேரம் எடுத்துரு. என்ன?"

சார் பேசும்போது நான் எழுந்து நிற்கிறேன். தீவில் என்னைத் தவிர ஆள் கிடையாது. ஆனாலும் நிற்கிறேன். கல்லூரியில் உதவித்தொகை அறை வாசலில் நின்று நின்று வந்த பழக்கம். எழுந்து நின்ற பிறகு வாயில் ஒன்றுதான் வரும்.

"சரிங்க சார்."

வலையை எடுத்தேன்.

மதியம் 1.30. மணல் 33.0°

சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வராமல் கப்பலில் குத்துவிளக்கு ஏற்றக் கூடாது. ஏற்றாமல் விழா தொடங்காது. தொடங்காத விழா முடியாது. ஆளுக்கொரு துணிப்பையில் பாக்கும் மரக்கன்றும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்குச் சாமான் கொண்டு வரும் படகுக்காரர் லூர்துராயன் அண்ணன் கப்பலில் இருந்து வயர்லெஸில் பேசினார்.

"எம்மா, அந்தாளு இன்னும் துறைமுகத்துல பிரியாணி தின்னுக்கிட்டிருக்காரு. இங்கன பாதிப் பேரு ஆமைக்காக வாந்தி எடுக்கான். உன் கூடு எப்படி இருக்கு?"

"முப்பத்திமூணு, அண்ணே."

"அப்ப வலையப் போடு. யாருகிட்டக் கேக்குத?"

போட்டேன். நான்கு நிமிடம்தான் இருந்தது. ருத்விக்கின் குரல்:

"மேடம், லைவ் போயிட்டிருக்கு. அந்த வலை, ப்ளீஸ். நிஜ வெயில் தெரியணும். அதுதான் வொர்க்கே."

எடுத்தேன்.

மாலை 3.40. மணல் 35.2°

விருந்தினர் வந்தார். ஐம்பது நிமிடம் பேசினார். இருமுறை ஆமையை முயல் என்று சொல்லித் திருத்திக்கொண்டார். எனக்கு ட்ரோனில் பொன்னாடை அனுப்பினார்கள். நனைத்துக் கூட்டின்மேல் விரித்தேன். சுத்த நைலான். தண்ணீர் வழிந்து ஓடியது.

கண்ணாடி ஆமையின் முதுகு, சாயும் வெயிலை நேராகக் கூட்டின்மேல் கொட்டுகிறது. அறுபத்தொரு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இப்ப நம்ம இசக்கி ரெண்டு வார்த்தை பேசுவாங்க," என்றார் சார். "நன்றி. வணக்கம்," என்றேன். நல்ல கைதட்டல்.

மார்ச் 9. காலை 7.00. மணல் 30.8°

"நாப்பது லட்சம் பேரு பாத்துட்டாங்க இசக்கி. ஊரே ஆமைக்காக அழுவுது. காட்சியைப் பத்து நாள் நீட்டிச்சிருக்கோம். வலை வேண்டாம். அந்தத் தண்ணிக் குழாயும் கேமராவுல தெரியுது, பாத்துக்க."

எழுந்து நின்றேன். சரிங்க சார்.

மார்ச் 14. மதியம் 12.00. மணல் 34.1°

லூர்துராயன் அண்ணன்: "முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுறதுக்கு என்ன, ஊமையா நீ?"



மார்ச் 18. மதியம் 2.15. மணல் 33.9°

உப்பு படிந்து மங்குகிறதாம், கண்ணாடிகளைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். ஒவ்வொன்றிலும் என் முகம். நாற்பது லட்சம் பேர் பார்த்த பொருளில் தெரிந்த ஒரே முகம். ருத்விக் பற்றி மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் அடிக்கப் போவதில்லை. ஆனால் அவருடைய கண்ணாடி சரியான ஆளைத்தான் காட்டியது.

ஏப்ரல் 6. காலை 5.50. கூடு 14, நாள் 52

பொரித்தன. தொண்ணூற்றேழு குஞ்சுகள். ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் வைத்தேன். பெண். பெண். பெண். நாற்பதுக்குப் பிறகு திரையைப் பார்க்காமலே எழுதினேன். பிறகு திரும்ப வைத்துச் சரிபார்த்தேன். தொண்ணூற்றேழும் பெண்.

அழகாக நடந்து கடலுக்குப் போயின. பொரிப்பதைப் பார்க்க வந்த கப்பலில் விசில். வயர்லெஸில் சார்:

"தொண்ணூத்தேழு! பாத்தியா, கலை ஜெயிச்சிருச்சும்மா."

பதினைந்து ஆண்டு கழித்து இவை இதே கரைக்கு வரும். குழி தோண்டும். முட்டையிடும். மணலை ஒழுங்காக மூடிவிட்டுப் போகும். அந்த முட்டைகளில் ஒன்றுமே இருக்காது.

ஏப்ரல் 7. காலை 11.15

"இசக்கி, மார்ச் எட்டுல இருந்து பத்தொம்பது வரைக்கும் மணல் சூட்டை மட்டும் இருபத்தொம்பதுன்னு மாத்தி அனுப்பிரு. படைப்பு விருதுக்குப் போகுது, கூடவே உன் பதிவையும் கேக்குறாங்க. சரியா?"

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"முடியாதுங்க சார்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சொல்லி முடிக்க இரண்டு விநாடி ஆகியிருக்கிறது.

மார்ச் 8, காலை 10.04. அப்போதும் என்னிடம் இரண்டு விநாடி இருந்தது.