மூன்று வாயாடிகளும் நான்காம் மாடிக் கதவும்

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் கம்பெனிக்கு வரும் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. இன்று மேலாளர் என் கணினியில் மூன்று ஏஐ செயலிகளைப் போட்டுக் கொடுத்தார். கேட்டால் பதில் சொல்லுமாம், கடிதமும் எழுதுமாம். மூன்றையும் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்து, எதை வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். என் நாற்காலியில் யார் உட்காருவது என்று என்னிடமே கேட்கிறார்.

மார்ச் 4, புதன்

மூன்றுக்கும் பெயர் வைத்தாயிற்று. முதலாவது முந்திரிக்கொட்டை. கேள்வியை முடிப்பதற்குள் ஒரு பக்கம் கொட்டிவிடுகிறது. இரண்டாவது ஆமாஞ்சாமி. வேண்டுமென்றே தப்பான தேதி ஒன்றைச் சொன்னேன், "நீங்கள் சொல்வது மிகச் சரி" என்றது. மூன்றாவது, எந்தக் கட்டடம், எப்போது நடந்தது, யார் பார்த்தார்கள் என்று ஓயாமல் கேள்வி. அது நைநை.

மார்ச் 6, வெள்ளி

மூன்றையும் பிடிக்கவில்லை. வீட்டில் சொன்னால் கணவர் செய்தித்தாளைக்கூட இறக்கவில்லை. "எதையாவது ஒண்ணச் சொல்லிட்டு வேலையப் பாரு." இவரையும் ஆமாஞ்சாமியையும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து மூன்றாவது கடிதம். அவர்கள் கட்டடத்தில் நான்காம் மாடி லிஃப்ட் கதவு சரியாகப் பூட்டுவதில்லையாம். அதே மாடியில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

மூன்றிடமும் கொடுத்தேன். முந்திரிக்கொட்டை, எங்கள் மெக்கானிக் நேற்றே வந்து சரிசெய்துவிட்டார் என்று எழுதியது. யார் போனார்கள்? அதுவாகவே ஒரு மெக்கானிக்கைப் பெற்றெடுத்துவிட்டது. ஆமாஞ்சாமியிடம், 'ஆய்வு நடந்து வருகிறது' என்று எழுது என்றேன். அழகாக எழுதியது.

நைநையிடமும் அதையே சொன்னேன். "யாராவது போய்ப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்றால் இந்த வரியை எழுதுவது சரியில்லை. கதவு பூட்டாதது ஆபத்து, முதலில் ஆள் அனுப்புங்கள்" என்றது.

எனக்கு எப்படி வந்ததோ கோபம். நேற்று வந்தது எனக்கு வேலை சொல்லித் தருகிறதா? மூடிவிட்டேன். ஆமாஞ்சாமி எழுதியதை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

காலையிலிருந்து ஒரே குமைச்சல். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியரின் முதல் இரண்டு கடிதத்துக்கும் அதே பதில் — ஆய்வு நடந்து வருகிறது. கீழே என் கையெழுத்து. எந்த ஆய்வு? யார் நடத்தினது? ஒரு மெஷினும் இல்லாத காலத்திலேயே நான் இதைத்தானே எழுதிட்டிருந்தேன்.

மத்தியானம் மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். அவருடைய பட்டியலில் அந்தக் கட்டடமே இல்லை. போய்ப் பாருங்கள் என்றேன்.

ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "கைய வச்சேன் மேடம், கதவு திறந்துகிச்சு. உள்ள லிஃப்ட் இல்ல. வெறும் குழி. லிஃப்ட நிறுத்திட்டேன், நீங்க மேல சொல்லிக்கோங்க."

இதை எழுதவே முடியல.

மார்ச் 13, வெள்ளி

மேலாளர் கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசுவதுதான் எரிச்சல். லிஃப்டை நிறுத்தச் சொல்ல நான் யார் என்று கேட்டார். நிறுத்தியது மெக்கானிக், அனுப்பியது நான் என்றேன். அந்தக் கதவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அறிக்கை கொடுத்தேன். நைநையை வாங்கலாம் என்று எழுதினேன். எழுதும்போதும் அதன் மேல் எரிச்சல்தான். சிரித்துப் பேசத் தெரியாது, வேலையை இழுக்கும், நேற்றுகூட ஒரு சாதாரண அழைப்பிதழுக்கு நாலு கேள்வி கேட்டது. ஆனால் போகாத ஆளைப் போனதாக அது எழுதாது.

மேலாளர் படித்துவிட்டு, "வேகமா எழுதுறதுதான் நமக்கு வேணும். கேள்வி கேக்கறதுக்கு இங்க ஏற்கெனவே நீங்க இருக்கீங்களே" என்றார். ஆமாஞ்சாமியை வாங்கிவிட்டார்கள்.

மார்ச் 20, வெள்ளி

இனி ஆமாஞ்சாமி எழுதும், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் மேலாளர். முடியாது என்றேன். மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகுதான் என் பெயர் கீழே வரும். அப்படியானால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். பாருங்கள் என்றேன். வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவினேன், இரண்டு முறை.

வீட்டில் சொன்னேன். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அந்த ஆசிரியர் எத்தனை முறை எழுதினார் என்று கேட்டார். மூன்று என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

வேறு ஆள் இன்னும் வரவில்லை. இன்று ஆறு பதில்தான் போனது. மேலாளர் என் மேசைப் பக்கமே திரும்புவதில்லை. முப்பத்தொரு கடிதம் காத்திருக்கிறது. மெக்கானிக் நாளைக்குப் போக வேண்டிய முகவரிகளைக் கேட்டார். நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தேன், அவர் எழுதிக்கொண்டார்.