சிவப்பு பஸ்ஸும் வெள்ளைப் பக்கமும்

திலக் நகர், செம்பூர்
12-7-1965

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் தூங்கியபிறகு எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள். நீ அனுப்பிய படப்புத்தகம் வந்தது.

"ஏலே, அப்படியே ஒங்க மாமனக் கொண்டு பொறந்திருக்கலே!" என்று உன் அத்தான் என் மகனைக் கொஞ்சும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றிருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியவில்லை என்று ரயில்வே கண் பரிசோதனையில் உன்னைத் திருப்பி அனுப்பினார்களே. போன மாதம் இவன் இலைக்குச் சிவப்பு தீட்டினான். யாரிடமும் நான் சொல்லவில்லை.

இன்று புத்தகத்தில் உள்ளபடி, முப்பது எண்ணும்வரை அவனைச் சிவப்பு பஸ் படத்தையே பார்க்க வைத்தேன். பிறகு எதிரேயிருந்த வெள்ளைப் பக்கத்தைக் காட்டினேன். என்ன தெரியும் என்று சொல்லவில்லை.

"அம்மா, இங்க பச்சை பஸ் நிக்கி! யாரு வரைஞ்சா?"

ஒரு நிறத்தையே உற்றுப் பார்த்த கண்ணுக்கு வெள்ளையில் அதன் ஜோடி நிறம் தெரியும், சிவப்புக்கு ஜோடி பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு என்று சொல்லித்தர வேண்டியவள், நிம்மதியில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான் கேட்காமலே என் பயம் தெரிந்து இதைத் தேடி அனுப்பினாயே, அந்த மனசுக்கு நன்றி.

"மாமாவுக்கு என்ன பஸ் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டுவிட்டுத் தூங்கினான். நீயே அவனுக்குப் பதில் எழுது. சீக்கிரம் எழுது.

உன் அக்கா