கிளியிடம் சொன்ன பெயர்

மார்ச் 4, செவ்வாய். அம்பத்தூர்.
காலைக் கூட்டம் இனி ஆங்கிலத்தில்தானாம். நாளிதழ் கை மாறிவிட்டது; புதிய ஆசிரியர் டெல்லியிலிருந்து வீடியோவில் வருகிறார். அவரவர் செய்தியை அவரவரே சொல்ல வேண்டும். முப்பது வருடமாகத் தமிழில் எழுதுகிறவன், இன்று "எஸ் சார்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

மகள் கிருஷ்ணப்பிரியா என் போனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். அதில் ஒரு கிளி ஆங்கிலப் பாடம் நடத்துகிறது. "உன் வேலையப் பத்திப் பேசுப்பா, அதுக்கேத்த மாதிரி பாடம் குடுக்கும். கூச்சப்படாத." கீழ்வீட்டு வினோத்தும் விளையாடுகிறான். என்னைத் தன் லீக்கில், புள்ளிக்குப் போட்டி போடும் குழுவில், சேர்த்துக்கொண்டான்.

மார்ச் 9, ஞாயிறு
கிளி சுறுசுறுப்பு. காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை என்று நான் பேசப் பேச, அதையே விளையாட்டாக்கிவிடுகிறது. படத்துக்குச் சொல் பொருத்தும் ஆட்டத்தில் இன்று பிணவறை வந்தது. மனைவி வசந்தா எட்டிப் பார்த்து, "ஏங்க, இட்லி சட்னியெல்லாம் இதுக்குத் தெரியாதா?" என்றாள்.

மார்ச் 12, புதன்
தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பாலை. உலையிலிருந்து உருகிய இரும்பு தெறித்து ஒருவருக்கு மோசமான தீக்காயம். ஒடிசாக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. விபத்தே நடக்கவில்லை என்கிறது நிர்வாகம். கூட நின்று பார்த்தவர் என்னிடம் சொன்னார். தெரிந்தால் அவர் வேலை போகும். அவருடைய இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அவர் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. இப்படிச் சொன்ன யார் பெயரையும் நான் போலீசுக்கோ வசந்தாவுக்கோ சொன்னதில்லை.

இன்னொருவரும் உறுதி செய்தால்தான் செய்தியை எழுதுவேன். வினோத்துக்கு அந்த ஆலையின் அலுவலகத்தில்தான் வேலை. அதனாலேயே அவனிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 15, சனி
கிளியோடு பேச்சுப் பயிற்சி. இப்போது என்ன செய்தி எழுதுகிறாய், அதை யார் சொன்னார் என்று கேட்டது. முழு வாக்கியமாகச் சொன்னால் இரண்டு மடங்கு புள்ளி. தடுமாறாமல் சொன்னேன். முதல் தங்கக் கிரீடம். வசந்தாவிடம் காட்டினேன்.

மார்ச் 17, திங்கள்
படிக்கட்டில் வினோத்.

"இன்னா சார், இங்கிலீஷ் பிச்சிக்கினு போவுது. நம்ம உலைல கீற சம்பந்தம் அண்ணன் உங்களுக்கு தோஸ்தா?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். போனை நீட்டினான். வாரத்தின் சிறந்த பேச்சு என்று கிளி என் குரலை லீக் முழுவதற்கும் அனுப்பியிருக்கிறது. 'சம்பந்தம் உலைப் பிரிவில் வேலை பார்க்கிறார். நடந்ததை அவர்தான் என்னிடம் சொன்னார்.' என் குரல்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல சார். ஆனா லீக்ல எங்க ஆபீஸ் ஆளுங்க பாதிப் பேரு கீறாங்க. நான்தான் சேத்தேன்."

நானா சொன்னேன்? நான்தான். போலீஸ் உட்கார வைத்துக் கேட்டபோது சொல்லாதவன். ஒரு பொம்மை கேட்டுச்சு, சொல்லிட்டேன். ஏதோ ஒரு பேரச் சொல்லியிருக்கலாமே — கோவிந்தராஜ், ஆனந்தன், யாரோ. வாயில் வரவில்லை. இல்லாததைச் சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கமே இப்போது ஒரு மனிதனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்
சம்பந்தம் போனை எடுக்கவில்லை.

மார்ச் 19, புதன்
கிருஷ்ணப்பிரியா செட்டிங்கைக் காட்டினாள். குரலைப் பகிர்வது முதல் நாளிலிருந்தே ஆனில் இருந்திருக்கிறது. ஒரு அரசாணையை மூன்று முறை படிக்கிறவன் நான். இதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்
திருமுல்லைவாயில் ரயில்வே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார் சம்பந்தம். சஸ்பெண்ட் ஆகியிருக்கிறார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"போலீசு கேட்டே வாயத் தொறக்காத ஆளுன்னுதான் உங்களாண்ட வந்தேன். கிளியாண்ட போய் மாட்டிக்கினீங்களே சார்."

சிரிக்கவில்லை. நானும்.

"ஊட்ல சம்சாரம் ரேவதி என் மூஞ்சியே பாக்க மாட்டேங்குது."

மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டி நிறுத்தினார்.

"அத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? மறைக்கத்தான் ஒண்ணுமில்லையே இனிமே. என் பேரையே போட்டு எழுதுங்க. என் பேரு வந்தா லோகேஷும் பேசுவான், அவனும் அன்னிக்கி அங்கதான் நின்னான்."

மார்ச் 22, சனி
லோகேஷ் பேசினார். பெயரோடு. இரண்டும் ஒத்துப்போகின்றன.

மார்ச் 24, திங்கள்
காலைக் கூட்டம். செய்தியைச் சொல்லி முடித்ததும், யார் சொன்னது என்று ஆசிரியர் கேட்டார். கையில் தாள் இல்லை. சம்பந்தம் உலைப் பிரிவில் வேலை பார்க்கிறார், நடந்ததை அவர்தான் என்னிடம் சொன்னார் என்றேன், ஆங்கிலத்தில். அன்று சொன்ன அதே வாக்கியம். எங்கும் தடுக்கவில்லை.

நாளை முதல் பக்கம் என்றார். பிறகு, இவ்வளவு சீக்கிரம் இப்படிப் பேச எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

மைக்கை அணைத்தேன்.