காதில் விழுந்ததும் வாங்கியதும்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் மருமகளின் பை. அதிலிருந்து புற்றுமண் வாசனை வருகிறது. மாசமாக இருக்கிறவள், நம் அம்மன் கோயில் புற்றுமண்ணைப் பொட்டலமாக வைத்துக்கொண்டு விரல்நுனியால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைக்கிறாள். நீயும் அந்தக் காலத்தில் இப்படித்தான் தின்பாய். மாசமாவதற்கு முன்பே தின்ற கழுதை நீ.

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் பெயிலாகி, சங்கரன்கோவில் டுடோரியலில் நீயும் நானும் சேர்ந்தோமே. ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதி நாம் மார்க்கைத் தொலைத்த சொற்களுக்கு நீதான் வழி கண்டுபிடித்தாய். நம் கோயில் கதையில் சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டை போட்ட புற்றுப் பாம்புகள் சங்கனுக்கும் பதுமனுக்கும் ஒவ்வொரு ஜோடியையும் பங்கு வைத்தாய். கடன் வாங்குகிற பாரோ சங்கனுக்கு, கொடுக்கிற லெண்ட் பதுமனுக்கு. சார் உன்னை எழுப்பி பாரோ என்றால் என்ன என்று கேட்டார். "சங்கன், சார்" என்று சொல்லிவைத்தாய். வெளியூர்க்காரர் பாவம், "யாரும்மா அது, உங்க அண்ணனா?" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

ஹியரும் லிசனும் வந்த அன்று நீ சிரிக்கவில்லை. "ஹியர்னா காதுல விழுதது, அது சங்கனுக்கு. லிசன்னா காதுல வாங்குதது, அது பதுமனுக்கு. எங்க அப்பாவுக்கு சங்கன் பங்கு மட்டுந்தாம்ட்டி உண்டு" என்றாய்.

பெயிலானால் இளையரசனேந்தல் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும், பாஸானால் நர்ஸ் டிரெயினிங். உன் அப்பாவே சொன்ன பேச்சு அது. நீ பாஸானாய். அவருடைய அரிசிக் கடைக்கு ஓடினோம்.

"நர்ஸுக்குப் போறேம்ப்பா. நீங்கதான சொன்னிய?"

"கேக்குதுட்டி. பாஸான பிள்ளைன்னா மாப்பிள்ளை வீட்டுல இன்னும் மதிப்பாங்கள்லா" என்றார், மூட்டையைத் தைத்துக்கொண்டே.

பாவி மனுஷன். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்.

நீ மாசமாக இருக்கையில் உன்னை இளையரசனேந்தலில் பார்க்க வந்தபோது நிறைமாசத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கால் இரண்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. முகமும் ஊதியிருந்தது. "தலை பிளக்குதுட்டி. கண்ணு முன்னால பூச்சி பறக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றாய். உன் மாமியார் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்காம கொம்பா மொளைக்கும்?" என்றாள். சுளகு நிற்கவில்லை. உன் புருஷன் அந்தப் பக்கமாக வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு போனான். அவன் காதிலும் விழுந்திருக்கும்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே அரிசிக் கடைக்குத்தான் போனேன். கால் வீக்கம், தலைவலி, கண், ஒன்றுவிடாமல் சொன்னேன். "கேட்டுக்கிட்டேன், போ தாயி" என்றார் உன் அப்பா. அதற்குள் யாரோ அரிசி கேட்டு வந்துவிட்டார்கள்.

அந்த வாரமே உனக்கு வலிப்பு வந்தது. வண்டி கட்டி ஏற்றினார்களாம். குருவிகுளம் தாண்டவில்லை. நீயும் போனாய், பிள்ளையும் போயிற்று.

எழவு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள்: "ரெண்டு நாளா முனங்குதது காதுல விழத்தான் செஞ்சுது தாயி." உன் அப்பா மண்ணில் விழுந்து புரண்டார். "எம்பிள்ளைக்கு இப்படின்னு ஒரு வார்த்தை எங்கிட்ட யாரும் சொல்லலியே!"

என் உடம்பு எரிந்தது. "நாஞ் சொன்னேன் மாமா. அவளுந்தான் சொன்னா. நீங்க காதுல வாங்கல" என்று கத்தினேன். பொம்பளைகள் என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துப் போனார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான்டி கொடுமை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

இன்று காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். "அத்தே, மெட்டி இறுக்குது. தலையும் வலிக்கி" என்று மருமகள் சும்மாதான் சொன்னாள். அடுப்பை அணைத்தேன். ஆட்டோ பிடித்தேன். "இதுக்குப் போயா?" என்று அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். பிரஷர் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெட்டில் சேர்த்துவிட்டார். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்.

இளையரசனேந்தலில் நீ சொன்னதை நான் வாங்கிக்கொண்டேன்டி. இன்னும் கீழே வைக்கவில்லை.