என் மார்புக்கு வந்த மேடை

ஆவணி 9, திங்கள்.

கொத்தனார் கட்டிய புதுச் சமையல் மேடை என் மார்புவரை வருகிறது. உயரம் குறிக்கும்போது என் மகனை நிறுத்தி, அவன் இடுப்புக்கு அளந்திருக்கிறான். சமைக்கிறவளை ஒருவரும் கூப்பிடவில்லை. இன்று எட்டிச் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிக் கை வெந்துவிட்டது.

"இடிச்சுக் கட்டுடா" என்றேன் கொத்தனாரிடம்.

"செவுரும் சேந்து வந்துரும் ஆயா. தரைய ஒரு மொழம் ஏத்திடறேன்."

மகன் பதறினான். "அப்பால வாசக்கால் என் தலைல இடிக்குமே!"

"உனக்கு உள்ள இன்னா வேல? வெளிய குந்திக்கினு துன்னு" என்றேன்.

தரை காய ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை வெளியே அடுப்பு மூட்டித்தான் சமைக்க வேண்டும்; இந்தக் கையோடு பானையை எப்படித் தூக்குவேன்? மருமகளைக் கேட்கலாம். கேட்டால் அடுப்பு அவளுடையதாகிவிடும். கேட்கமாட்டேன்.