டால்வாவின் பெயரில் ஒரு ஈ

சாவோ பாவுலோ
4 மார்ச் 1974

மதிப்பிற்குரிய டாக்டர் அனிசெத்தோ அவர்களுக்கு,

பறவைக் குஞ்சுகளின் தோலுக்கடியில் வளரும் ஃபிலோர்னிஸ் ஈக்களின் பேரினம் முழுவதையும் திருத்தி வகைப்படுத்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. 1969இல் தாங்கள் 'டால்வே' என்று பெயரிட்ட இனம், அறுபது வருடங்களுக்கு முன்பே வேறொருவர் பெயரிட்ட ஈதானோ என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் பழைய பெயரே நிற்கும், தங்களுடையது தள்ளுபடியாகும். ஆண் ஈயின் வயிற்று நுனியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பெயரிட ஆதாரமாகத் தாங்கள் வைத்திருக்கும் மூல மாதிரி ஈயை, குத்தியிருக்கும் லேபிளோடு, இரவலாக அனுப்பவும்.

இப்படிக்கு,
ஜுரெமா ப்ராகா
ஈக்கள் பிரிவு

*

பெலேம்
19 மார்ச் 1974

அன்புள்ள ஜுரெமா,

'மதிப்பிற்குரிய'வாம்! பதினான்கு வருடம் ஒரே கொசுவலைக்குள் படுத்தவர்கள் நாம். ஆறு வருடம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. வாசலிலேயே நின்று பிரித்தால் உள்ளே ஒரு ஈயைக் கேட்கிறாய்.

மாதிரி நொய்ந்துபோயிருக்கிறது. தபாலில் கால் உடைந்துவிடும். படம் வரைந்து அனுப்புகிறேன், போதாதா?

அது வெறும் ஈ இல்லை என்று உனக்கும் தெரியும். நம் பெண் டால்வாவுக்கு நான் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பெயர்தான். இந்த ஊர் மழையில் அவள் கல்லறைக் கல் பாசி பிடித்து எழுத்தே தெரியவில்லை. புத்தகத்தில் ஏறிய பெயருக்குப் பாசி பிடிக்காது. அதையும் பிடுங்கிவிடாதே.

பக்கத்து வீட்டு எர்மெலிந்தா அம்மாள் உன்னை விசாரிக்காத நாளில்லை. "அந்தம்மா எப்பதான் வருவாங்க டாக்டரே? கோவிச்சுக்கிட்டுப் போனா கூப்பிட மாட்டீங்களா? அக்டோபர்ல மாதா கோயில் சிரியோ ஊர்வலத்துக்காவது கூப்பிடுங்க" என்கிறாள். கூப்பிட்டுவிட்டேன். வாயேன்.

உன்
அனிசெத்தோ

*

சாவோ பாவுலோ
12 ஏப்ரல் 1974

அனிசெத்தோ,

படம் போதாது. இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் விழ வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. 'பறவைப் பிரியன்' என்று அர்த்தமாம் இந்தப் பேரினத்துக்கு! கண் திறக்காத குஞ்சின் தோலுக்குள் புகுந்து ரத்தம் குடிக்கிற புழு. அதற்கா என் பெண்ணின் பெயரை வைப்பாய்? அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளைத் தபஜோஸ் ஆற்றுக்கு அழைத்துப் போனதற்காக இத்தனை வருடமும் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன். காய்ச்சல் கண்ட ஆறாம் தேதியே நீ அவளைப் படகில் ஏற்றிவிட்டாய். படகு மணல்திட்டில் தட்டி மூன்று நாள் நின்றுவிட்டது. சாந்தரெம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார்? "மூணு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பா." நவம்பரில் ஆற்றில் தண்ணீர் இல்லாததற்கு நீ என்ன செய்வாய்? நான் சபித்திருக்க வேண்டியது அந்த மணலைத்தான். என்னை மன்னித்துக்கொள்.

சிரியோவுக்கு வருகிறேன். மனிசோபா செய்து வை. மரவள்ளி இலையை ஏழு நாளும் வேகவிடு. போன தடவை மாதிரி ஐந்தாம் நாளே இறக்கி விருந்தாளிகளுக்கு விஷம் வைக்கப் பார்க்காதே.

மாதிரியை அனுப்பு.

ஜுரெமா

*

பெலேம்
2 ஜூன் 1974

ஜுரெமா,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்த பிறகு இதை மறைத்து வைக்க முடியவில்லை. மாதிரி இத்துடன் வருகிறது. லேபிளைப் படி. என் கட்டுரையில் 'நவம்பர் 1967' என்று மட்டும் போட்டிருந்தேன். லேபிளில் தேதி இருக்கிறது.

படகு எங்கும் தட்டவில்லை.

ஆறாம் தேதி காய்ச்சல் கண்டது உண்மை. ஜாப்பிம் பறவைக் கூடுகளில் அப்போதுதான் புழுக்கள் குஞ்சுகளை விட்டிறங்கிக் கூட்டுப்புழுவாகிக்கொண்டிருந்தன. எட்டு வருடமாக எனக்குப் பெண் ஈக்களே கிடைத்தன. ஆண் இல்லாமல் தனி இனம் என்று நிரூபிக்க முடியாது. மூன்று நாள் பொறுத்தால் கூட்டுப்புழுக்களை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். படகோட்டி ரைமுண்டோ தினமும் வந்து, "பொண்ணு ஒடம்பு கொதிக்குது டாக்டரே, கெளம்புங்க. பூச்சி எங்க போயிரப் போவுது?" என்று சத்தம் போட்டான். டால்வாதான், "நீங்க போய் எடுத்துட்டு வாங்கப்பா, நான் படுத்திருக்கேன்" என்றாள். ஒன்பதாம் தேதி சாயங்காலம்தான் கிளம்பினோம்.

அனுப்புவதற்கு முன் புது லேபிள் எழுத உட்கார்ந்தேன். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். உன்னிடம் இத்தனை வருடம் கூசாமல் பொய் சொன்னவனுக்கு, அந்தச் சீட்டில் பொய் எழுதக் கை வரவில்லை. நான் எப்படிப்பட்ட மனிதன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அனிசெத்தோ

*

சாவோ பாவுலோ
20 ஆகஸ்ட் 1974

மதிப்பிற்குரிய டாக்டர் அனிசெத்தோ அவர்களுக்கு,

மாதிரி உடையாமல் வந்து சேர்ந்தது. வயிற்று நுனியைப் பிரித்து, அறுபது வருடத்துக்கு முந்தைய ஆண் ஈயோடு ஒப்பிட்டேன். கொக்கிகளின் வளைவு வேறு. இரண்டும் ஒன்றாக இருந்துவிடாதா என்று மூன்று முறை பார்த்தேன். இல்லை, தனி இனம்தான். தாங்கள் செய்தது சரியான வேலை. 'டால்வே' என்ற பெயர் நிற்கும்.

மூல மாதிரியின் லேபிளை எழுத்துப் பிசகாமல் அச்சிடுவது எங்கள் வழக்கம். கீழ்க்கண்டவாறு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்:

'தபஜோஸ் ஆறு. ஜாப்பிம் கூடு. கூட்டுப்புழு எடுத்தது 9.11.1967. ஈ வெளிவந்தது 21.11.1967. சேகரித்தவர் அனிசெத்தோ.'

பன்னிரண்டாம் தேதி அவள் இறந்தாள். பதினான்காம் தேதி புதைத்தோம். குழியருகே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அப்போது அந்தக் கூட்டுப்புழு எங்கே இருந்தது? உன் பையிலா? ஒரு வாரம் கழித்து அது ஆணாக வெளியே வந்தபோது உனக்குச் சந்தோஷமாக இருந்ததா, அனிசெத்தோ?

பதில் எழுத வேண்டாம். மாதிரியைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனிமேல் இந்த ஈயைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தத் தேதியையும் எழுதுவார்கள். அது என்ன தேதி என்று அவர்களுக்குத் தெரியாது.

அக்டோபரில் நான் வரவில்லை.

இப்படிக்கு,
ஜுரெமா ப்ராகா
ஈக்கள் பிரிவு