முனைக்கு நேரே தெரிந்த கறுப்பு

ஆவடி,
18-9-1968, புதன் இரவு.

அன்புள்ள புஷ்பா அக்காவுக்கு,

உன் தங்கை வடிவு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். அம்மா நலம், நைனா நலம். ஜபல்பூரில் நீயும் மாமாவும் உன் மாமியாரும் நலமாக இருக்க வேண்டும். உனக்கு ஏழாம் மாதம் பிறந்திருக்கும் என்று அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நீயே படி. அதற்காகத்தான் எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதுகிறேன். நைனாவுக்கு இந்த வாரம் ராத்திரி ஷிப்டு. அம்மா தூங்குகிறாள். பெரிய விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று சமையலறையில் சிம்னி விளக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவள் புரண்டு படுத்தாலே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நான் என்.சி.சி.யில் சேர்ந்ததை ஆடி மாதமே எழுதியிருந்தேன். சேரும்போது கண் பரிசோதனை வைத்தார்கள். சுவரில் இங்கிலீஷ் எழுத்து அட்டையை மாட்டி, தூரத்தில் நிற்க வைத்துப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு முதல் இரண்டு வரிக்குக் கீழே எல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் நின்ற ஜமீலா சத்தமாகப் படித்தாள். அவள் இடது கண்ணுக்கு ஒரு தடவை, வலது கண்ணுக்கு ஒரு தடவை படித்து முடிப்பதற்குள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கடகடவென்று ஒப்பித்தேன். பத்மா டீச்சர் "குட்" என்று எழுதிக்கொண்டார்கள். நீ வேம்புலியம்மாள் பெரியம்மாவின் முன்னால் ஊசி கோத்தது போலத்தான் இதுவும் என்று அன்றைக்கு எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

அந்த நாளை நினைத்தால் இப்போது சிரிப்பு வரவில்லை அக்கா. உன்னைப் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும், பூந்தமல்லியிலிருந்து வந்த மாமாவின் பெரியம்மா வேம்புலியம்மாள், "எங்க புள்ளைக்குக் கண்ணு அவிஞ்சதைக் கட்டி வைக்க மாட்டோம்மா, பொண்ணு ஊசியில நூலு கோக்கட்டும்" என்றாள். உனக்கு ஊசிக் காதே தெரியவில்லை, நீ என் பக்கம் பார்த்தாய். நான் பாதி தைத்த ரவிக்கையை உன் மடியில் போட்டேன். அதற்கடியில் நூல் கோத்த ஊசி இருந்தது. அதை எடுத்து, நீயே கோத்தது போல உயர்த்திக் காட்டினாய். அந்தப் பெரியம்மா கைதட்டினாள். நாம் இருவரும் பின்கட்டில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறியிருந்தது. சோற்றில் கல் கடிபட்டு, "கண்ணு தெரியலையாடி" என்று மாமியார் கேட்டதாகவும், தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்து, வாயும் வயிறுமாக இருந்தால் அப்படித்தான் என்றாள். நான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தேன்.

எங்கோ நாய் குரைத்தது. விளக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டேன். அம்மா எழவில்லை.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை எங்களை முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இருக்கிற சுடும் மைதானத்துக்கு லாரியில் அழைத்துப் போனார்கள். தரையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். இருபத்தைந்து கஜத்துக்கு அப்பால் ஒரு மண்மேடு, அதன் முன்னால் வரிசையாக அட்டைகள். அட்டையின் நடுவில் கறுப்பு வட்டம். துப்பாக்கியின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளை, குழாயின் நுனியில் ஒரு முனை. துளை வழியாகப் பார்த்து, முனையைக் கறுப்பு வட்டத்துக்கு நேரே நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டு விசையை இழுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து தோட்டா.

ஹவில்தார் வேலூர்க்காரர், நல்லவர். கண்ணைப் பற்றி நிறையச் சொல்லிக் கொடுத்தார். அட்டையையே முறைக்காதே, முனையைப் பார், முனை தெளிவாக இருந்து அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார். மற்றக் கண்ணை இறுக்கி மூடினால் சுடுகிற கண்ணும் களைத்துப்போகும், அதன்மேல் தாளைத் தொங்கவிட்டுத் திறந்தே வை என்றார். பத்து எண்ணுவதற்குள் சுடாவிட்டால் இறக்கிவிடு, மரத்தைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடு, பிறகு மறுபடி தூக்கு என்றார். மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று அவர் சொன்னது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? எல்லோருக்குமே இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சுட்டு முடித்துப் போய்ப் பார்த்தால் என் நாலாம் எண் அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் ஜமீலாவின் ஐந்தாம் எண் அட்டையில் பத்து ஓட்டை. ஹவில்தார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அஞ்சு தோட்டா குடுத்தேன், பத்து ஓட்டை போட்டிருக்கே. துப்பாக்கி குட்டி போட்டுச்சாம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் குனிந்து பார்த்தார். ஐந்து ஓட்டைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன. மற்ற ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற மாதிரி நெருக்கமாக இருந்தன. ஜமீலா, "அல்லா சத்தியமா அது என்னுது இல்லே சார், நான் கண்ணை மூடிக்கினுதான் சுட்டேன்" என்றாள். ஹவில்தார் என் முதுகில் தட்டி, பதற்றத்தில் அட்டை மாறிவிட்டது, கை மட்டும் தங்கம் என்றார். பெங்களூர் முகாமுக்கு ஆள் எடுக்கிற கடைசிச் சுற்றில் என் பெயரையும் எழுதிவிட்டார். நைனா அதைத் தொழிற்சாலையில் தன் ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அட்டை எண்கூட எனக்குத் தெரியவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணைச் சரி பண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை கேட்டு அம்மாவை நச்சரித்தேன். ஜமீலாவின் அம்மா கண்ணில் தீட்டுகிற சுர்மா மை கொடுத்தாள், எரிந்ததுதான் மிச்சம். விடிந்ததும் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் கறுப்புத் தாளில் குண்டூசியால் துளை போட்டு அதன் வழியே பார்த்தால், எதிர்வீட்டுக் காலண்டரில் தேதி தெரிந்தது! துப்பாக்கியின் துளையும் இப்படித்தான், நல்ல வெயிலில் பிழைத்துக்கொள்ளலாம் என்று துள்ளினேன். சாயங்காலம் அதே துளையில் பார்த்தால் எல்லாம் இருட்டு.

போன சனிக்கிழமை மறுபடியும் சுடப் போனோம். மழை மூட்டம். துளைக்குள் ஒன்றும் பிடிபடவில்லை. முனையை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். ஒரு கறுப்பு கிடைத்தது. வட்டம் கிடைத்துவிட்டது என்று முனையை அதற்கு நேரே நிறுத்தினேன். மூச்சைப் பாதி விட்டேன். விரல் விசைமேல் இருந்தது அக்கா.

விசில் அடித்தது. "நிறுத்து, நிறுத்து, துப்பாக்கியைக் கீழ வை!" என்று ஹவில்தார் கத்தினார். சிவப்புக் கொடி கட்டியிருந்தும், புல்லறுக்க வந்தவள் ஒருத்தி மண்மேட்டுக்கு முன்னால் குறுக்கே வந்துவிட்டாள். அவள் நிமிர்ந்தபோது என்னுடைய அந்தக் கறுப்பும் நிமிர்ந்தது. நம் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற நாகம்மாள்தான் அது. ஹவில்தார் திட்டத் திட்ட அவளும் புல்கட்டைத் தூக்கிக்கொண்டு, "எருமை இன்னா உன் கொடியைப் பாத்துகினா துன்னும்?" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே போனாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் எதைக் குறி வைத்தேன் என்று யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அவளே பால் செம்போடு வாசலில் வந்து நின்றாள். "இன்னா பாப்பா, பட்டாளத்துக்குப் போறியாமே. என்னைச் சுட்டுட்டுப் பூடாதே, எருமை பட்டினி கெடக்கும்" என்று வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். பாத்திரத்தை நழுவவிட்டேன். பால் வாசலெல்லாம் ஓடியது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அது எனக்கு வலிக்கவே இல்லை.

வருகிற சனிக்கிழமைதான் கடைசிச் சுற்று. வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். படுத்தால் துப்பாக்கி போகும், கண் அப்படியேதான் இருக்கும். ரயில்வே கேட்டில் தினமும் ஜமீலாவின் தாவணியைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் விஞ்ஞான டீச்சர் பொதுவாகச் சொன்னார்கள். ஆனால் நைனாவிடம் எப்படிக் கேட்பது? கணக்கர் பெண் கண்ணாடி போட்டு வந்தபோது அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "பொட்டப் புள்ள மூக்குல பாட்டில் மாட்டினா எவன் கட்டுவான்?"

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் பயம் அதுவல்ல. நான் கண்ணாடி போட்டால் வாரம் திரும்புவதற்குள் பூந்தமல்லிக்குச் செய்தி போய்விடும். அந்தப் பெரியம்மாவின் மகன் கஜபதி நைனாவுடன் ஒரே ஷாப்பில்தானே வேலை செய்கிறார். சின்னவளுக்குக் கண் இப்படி என்றால் பெரியவளுக்கு எப்படி என்று அவள் கேட்பாள். அன்றைக்கு ஊசி கோத்த கதை ஜபல்பூருக்கு வரும். ஊசியை வைத்தவள் நான். வயிற்றுப் பிள்ளையோடு அதற்குப் பதில் சொல்லப்போகிறவள் நீ.

உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்கு முன்னால் உன்னிடம் வராது. சனிக்கிழமை அதற்காகக் காத்திருக்காது. நாகம்மாளும் புல்லறுக்கப் போகாமல் இருக்கமாட்டாள்.

அதனால் காலையில் நைனா ஷிப்டு முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தியதும் சொல்லிவிடப் போகிறேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லாவிட்டால் என்னால் முடியாது. என் கண்ணைப் பற்றி மட்டும்தான் சொல்வேன். ஊசியைப் பற்றி அடித்துக் கேட்டாலும் என் வாயிலிருந்து வராது. ஆனால் கேள்வி வரும் அக்கா. அது வருவதற்கு முன்னால் நீயே மாமாவிடம் சொல்லிவிடு. கல்யாணத்தன்று நீ மணவறைப் படியைக் காணாமல் தடுக்கியபோது எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்காமல் கையைக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊசி வைத்தது என் தங்கையின் வேலை என்று சொல். முழுப் பழியையும் என்மேல் போடு, எனக்கு அது பரவாயில்லை.

முத்துமாரியம்மன் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். மாமாவுக்கும் மாமியாருக்கும் என் வணக்கம். என்மேல் கோபம் வந்தால் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. ஒரு வரியாவது, உன் கையாலேயே எழுது.

உன் பிரியமுள்ள தங்கை,
வடிவு